‘ராவிலே’ என்றால் எப்போது? குமரி மாவட்டத்தில் நோயாளியோடு பேசும் முறை

விளவங்கோடு பக்கத்துப் பாட்டி ஒருவரிடம், “இந்த மாத்திரைய ராவுல போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் காலையில்தான் போடுவார். அந்தப் பகுதிப் பேச்சில், மலையாளத்தில் போலவே, ‘ராவிலே’ என்றால் காலை. சொன்ன செவிலியர் மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பணிமாறுதலில் வந்தவர் என்றால், அவர் மனதில் இருந்தது இரவு. தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு வாசற்படி இறங்கினால் இடுப்பெலும்பு முறியும். நீர் பிரிவதற்கான மாத்திரையை இரவில் போட்டால் விடிய விடியக் கழிவறைக்கு நடக்க வேண்டியிருக்கும். அந்த இருட்டு நடையிலும் விழுவார்கள்.

இருவரும் பேசியது தமிழ்தான், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த செங்கல் சூளைத் தொழிலாளி முன்னால் நின்றால், மொழி தெரியவில்லை என்று இரு பக்கமும் உணர்ந்து ஆள் தேடுவார்கள். குமரியில் அதிகத் தவறு நடப்பது அங்கே அல்ல. புரிந்துவிட்டது என்று இருவரும் நம்பும் இடத்தில்தான். மருத்துவமனை ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர், முதியோரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர் ஆகியோருக்காக எழுதியது இது.

ஒரே ஒலி, வேறு பொருள்

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. ஆட்சி மாறினாலும் பேச்சு அப்படியே இருக்கிறது, அதிலும் மேற்குப் பக்கம். வெளியூரிலிருந்து பணிக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே கீழ்க்காணும் சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வது நல்லது.

‘பனி’ என்றால் காய்ச்சல். “பிள்ளைக்கு ரெண்டு நாளாட்டு பனி” என்று தாய் சொன்னால் குளிரைப் பற்றிச் சொல்லவில்லை, வெப்பமானியை எடுங்கள். ‘வேதனை’ உடல் வலி. ‘விஷமம்’ குறும்பு அல்ல, மன வருத்தம். “எனக்கு ஒரே விஷமமாட்டு இருக்கு” என்று பிரசவமான பெண் சொல்லும்போது சிரித்துவிட்டு நகர்ந்தால், அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். அந்தச் சொல் காதில் விழுந்தால், தூக்கம், சாப்பாடு, அழுகை, சாக வேண்டும் என்ற நினைப்பு, இந்த நான்கையும் தனியிடத்தில் நேராகக் கேளுங்கள். ‘பட்டி’ நாய். “பட்டி கடிச்சு” என்று வருகிறவரைச் சீட்டு வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், ஊசிக்கு அனுப்ப வேண்டும். ‘வெள்ளம்’ குடிக்கும் தண்ணீர். ‘தீனம்’ நோய். ‘குறுக்கு’ இடுப்பின் பின்பக்கம். ‘மேலு’ உடம்பு.

‘நீர்’ என்ற சொல்தான் அதிகம் குழப்பும். சிலருக்கு அது வீக்கம், சிலருக்குச் சிறுநீர், சிலருக்குச் சளி. “காட்டுங்க” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டால் கை தானாகவே கணுக்காலுக்கோ அடிவயிற்றுக்கோ போகும். ‘இளைப்பும்’ அப்படியே: மூச்சு வாங்குவதற்கும் உடல் மெலிவதற்கும் ஒரே சொல். “மூச்சு எளைக்குதா, மேலு எளைச்சுதா?” என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

தலை சுற்றல் என்றால் மூன்று கேள்வி: “நிக்கிற எடமே சுத்துதா? எழும்பும்போது கண்ணு இருட்டுதா? நடக்கும்போது தள்ளுதா?” மூன்றும் மூன்று வேறு காரணங்களை நோக்கிப் போகும். ‘மயக்கம்’ என்று எழுதி மூடிவிட்டால் மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது.

‘கேஸ்’, ‘வாயு’ என்பதை இன்னும் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். நெஞ்சில் ஏதோ அடைப்பது மாதிரி இருக்கும் எல்லாவற்றுக்கும் நம் மக்கள் அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். சுக்குத் தண்ணியும் சோடாவும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். “நடந்தா கூடுதா? உட்காந்தா குறையுதா? வேர்க்குதா? கைக்கோ தாடைக்கோ ஏறுதா?” என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அதனால் இந்தக் கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் இ.சி.ஜி. எடுக்கத் தயங்க வேண்டாம்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: “ஆங், சரி.” புரியவில்லை என்றால் தன்னை விவரம் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற கூச்சம், வெளியே நிற்கும் வரிசை, ஒன்றரை மணிக்குப் போகும் பஸ், எல்லாம் சேர்ந்து சொல்ல வைக்கும் ‘சரி’ அது. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது, சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது. ஆனால் “எங்கே, திருப்பிச் சொல்லுங்க” என்றால் பள்ளிக்கூட வாத்தியார் தொனி வந்துவிடும். பழியை நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டும்: “நான் வேகமாட்டு சொல்லிட்டேன், சரியா சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போனதும் இந்த ரெண்டு மாத்திரையும் எப்ப எப்ப போடுவீங்க?” இப்படிக் கேட்டால் பாட்டா (தாத்தா) கோபப்படமாட்டார், சொல்லிக் காட்டுவார். தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதில் பயன் இல்லை. வேறு விதமாகச் சொல்லுங்கள், அல்லது செய்து காட்டுங்கள். மறுபடி கேளுங்கள். இரண்டாவது முறையும் பிசகினால், வீட்டிலிருந்து இன்னொருவரை அழைத்து வரச் சொல்ல வேண்டிய நேரம் அது.

ஒரு சந்திப்பில் மூன்று செய்திக்கு மேல் வைக்க வேண்டாம். மருந்து, உணவு, பாதத்தைப் பார்த்துக்கொள்வது, அடுத்த தேதி, ரத்தப் பரிசோதனை, உடற்பயிற்சி என்று ஆறையும் ஒரே மூச்சில் ஒப்பித்தால் வாசலைத் தாண்டும்போது ஒன்றுகூட மிஞ்சாது. எது தவறினால் ஆபத்தோ அதை முதலில் சொல்லி, கடைசியிலும் ஒருமுறை சொல்லுங்கள். மீதியை அடுத்த முறைக்கு வைக்கலாம்.

மருந்து சொல்லும்போது

‘காலை, மதியம், இரவு’ என்பது மணி அல்ல, ஒருவர் வாழ்கிற விதம். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். அவருடைய முதல் சாப்பாடு வேலை முடிந்த பிறகு. சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையை ‘காலையில்’ என்று கேட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறினால் மயங்கி விழுவார். கடலுக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். ஆகவே முதலில் கேள்வி: “எத்தன மணிக்கு எழும்புவீங்க? மொத ஆகாரம் எப்ப?” பிறகு மருந்தை அந்தச் சாப்பாட்டோடு கட்டிவிடுங்கள்: “காலச் சாப்பாட்டுக்குக் கையக் கழுவும்போது இது. ராத்திரி படுக்கப் பாய விரிக்கும்போது இது.” ‘ராத்திரி’ என்ற சொல்லில் குழப்பம் இல்லை, இரு பக்கமும் ஒரே பொருள்தான். ‘ராவு’, ‘ராவிலே’ என்று வரும் எதையும் மருந்துப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம்.

மருந்து உறையில் ‘1-0-1’ என்று எழுதுவது எழுதுகிறவருக்கு வசதி. படிக்கத் தெரியாதவருக்கு அது மூன்று கோடு. உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி போடுங்கள். நடுவில் உள்ள சுழியத்தைப் பலர் வட்டமான ஒரு மாத்திரை என்று நினைக்கிறார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பெருக்கல் குறி போடுவது மேல். எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1956-க்கு முன் பள்ளிக்குப் போனவர்களில் மலையாள வழியில் படித்தவர்கள் உண்டு. தமிழை நன்றாகப் பேசும் அந்தப் பாட்டா, தமிழ் அச்சை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கண்ணாடி மறந்து வந்ததாகச் சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்தால், அது கண்ணாடிக் குறை இல்லாமலும் இருக்கலாம். வற்புறுத்தாமல் வாயால் சொல்லிவிடுங்கள்.

அளவு சொல்வதில் உயிரே போகக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு.

முதலாவது இன்சுலின். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. ஊசிக் குழலும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. “இருபது வரைக்கும் இழுங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கடையில் கிடைத்த குழல் எதுவோ அதில் இழுப்பார்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி நினைவிழப்பார். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் அதே 20 வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். எனவே வாயால் சொல்வதில் நிறுத்தாமல், அவர் வீட்டில் வைத்திருக்கும் குப்பியையும் குழலையும் கொண்டுவரச் சொல்லி, நம் கண் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது குழந்தைக் காய்ச்சல் மருந்து. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. ‘அஞ்சு மில்லி’ என்று மனப்பாடம் செய்த தாய், அடுத்த முறை கடையில் சொட்டு மருந்து கொடுத்தால் அதிலும் ஐந்து மில்லியே ஊற்றுவார், 500 மில்லிகிராம் போய்விடும். வீட்டுக் கரண்டி சரியாக 5 மில்லி இருக்கும் என்று நம்ப முடியாது; பாட்டிலோடு வரும் மூடியிலோ குழலிலோ பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். “வேற பாட்டில் கெடச்சா ஊத்துறதுக்கு முன்ன என்கிட்ட காட்டுங்க” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. வர்மமும் சித்தமும் ஆயுர்வேதமும் ஊன்றிய மண் இது. எலும்பு முறிந்தால் வர்ம ஆசானிடம் போய்க் கட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. முகத்தைச் சுளித்தால் மறைத்துவிடுவார்கள். “கஷாயம், லேகியம், அரிஷ்டம், கட்டு, பத்தியம் ஏதாச்சும் உண்டா? சேத்துப் பாத்துத்தான் மருந்து எழுத முடியும்” என்று சாதாரணமாகக் கேளுங்கள். ‘பத்தியம்’ என்ற சொல்லைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: உப்பில்லாப் பத்தியத்தில் இருப்பவருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் உடலில் சோடியம் இறங்கி, பேச்சு குழறி, பெயர் மறக்கும். வீட்டார் அதைப் ‘பேய் பிடித்தது’ என்றும் சொல்லக்கூடும்.

காது மந்தமான முதியவர்

கத்தக் கூடாது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கூர்மையான ஒலிகள்: ச, ஸ, த, ப, க போன்ற மெய்யொலிகள். அ, ஓ போன்ற கனத்த ஒலிகள் தங்கும். அதனால்தான் “சத்தம் கேக்குது, என்ன சொல்லுறன்னு வெளங்கல” என்கிறார்கள். கத்தினால் அந்தக் கனத்த ஒலிதான் இன்னும் பெருகும். மெய்யொலி தெளிவாகாது, முகமோ கோபமாகத் தெரியும். முதியவர் உடனே ‘சரி’ சொல்லிவிடுவார்.

மின்விசிறியைக் குறைத்து, டி.வி.யை அணையுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில், அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உதடு தெரியாது. எந்தக் காது தேவலை என்று கேட்டு அந்தப் பக்கம் இருங்கள். பேச்சைத் தொடங்குமுன் தோளிலோ கையிலோ மெதுவாகத் தொட்டு, “பாட்டா” என்றோ “பாட்டிம்மா” என்றோ கூப்பிடுங்கள். குரலின் சுருதியைத் தாழ்த்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டுப் பேசுங்கள். ஒரு சொல் விழவில்லை என்றால் அதே சொல்லை மூன்று முறை சொல்லாமல் வேறு சொல் போடுங்கள்: ‘ஸ்கேன்’ விழவில்லை என்றால் ‘படம் எடுக்கணும்’. எண்களை விரலால் காட்டுங்கள்.

காது கேட்கவில்லை என்று முடிவு கட்டுமுன் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு ‘செவிடு’ அரை மணி நேரத்தில் தீர்ந்துபோவது இதில்தான். காதுக் கருவி இருந்தும் பெட்டியில் கிடந்தால் பாட்டரியைப் பாருங்கள். துத்தநாகப் பாட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும். ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும். தாளைத் திரும்ப ஒட்டினாலும் தீர்வது நிற்காது. தாளின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. கடலோர ஊர்களில் ஈரமும் உப்புக் காற்றும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும். இரவில் பாட்டரியை எடுத்துவிட்டு, கருவியை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

பிறவியிலேயே காது கேளாதவர் வேறு. பெரும்பாலும் அவருக்குச் சைகைதான் முதல் மொழி. எழுதிய தமிழ் இரண்டாம் மொழி. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சின்ன வாக்கியம், படம், செய்து காட்டுதல், முடிந்தால் வீடியோ அழைப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர். உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்கலாம்.

பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போனவர்

புதிதாக வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ பேச்சுப் பயிற்சி பிறகு, முதலில் 108. மூளைக் குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் இடம். ஆகவே வீட்டாரிடம் கேட்க வேண்டியது “எப்ப பாத்தீங்க?” அல்ல, “கடைசியா நல்லா இருந்தத எப்ப பாத்தீங்க?” காலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கடைசியாக நன்றாகப் பேசியது முந்தின ராத்திரி பத்து மணிக்கு என்றால், அந்தப் பத்து மணிதான் கணக்கு.

ஆபத்து கடந்து வீட்டுக்கு வந்த பிறகு, பேச்சு வராவிட்டாலும் பலருக்கு நாம் பேசுவது புரியும். “இவருக்கு ஒண்ணும் தெரியாது” என்று அவர் தலைமாட்டில் நின்று பேசாதீர்கள். ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள். கண்ணை மூடினால் ஆம், தலையைத் திருப்பினால் இல்லை என்று ஓர் அடையாளத்தை வீட்டார் அனைவரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு அடையாளம் வைத்தால் நோயாளி குழம்புவார். ஒரு அட்டையில் தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி, புரட்டிப் படுக்க வை, குளிருது, விசிறி என்று ஏழெட்டுப் படம் போதும். அதைச் செயலிழக்காத கைப் பக்கம் வைக்கவும். கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். பெரும்பாலான வீடுகளில் தோற்றுப்போவது இந்தப் பத்து விநாடியில்தான்.

இடையில் ஒருவர் நின்று சொல்லும்போது

செங்கல் சூளை, கட்டட வேலை, ஓட்டல், படகு என்று எங்கும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் இந்தி தாய்மொழி அல்ல. ஒடியா, வங்காளி, அசாமி, சந்தாளி எதுவாகவும் இருக்கலாம். கைபேசியில் இந்திய வரைபடத்தைக் காட்டி ஊரைத் தொடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு அதே மொழி பேசும் சக தொழிலாளியைத் தேடி, தொலைபேசியில் ஒலிபெருக்கி போட்டுப் பேசலாம். காயமோ விபத்தோ என்றால் மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வேலையில் நடந்த விபத்து அவர் வாயில் ‘வழுக்கி விழுந்தது’ ஆகிவிடக்கூடும்.

பத்து வயதுப் பிள்ளையை வைத்துத் தாயின் ரத்தப்போக்கைக் கேட்கக் கூடாது. கணவனை வைத்து அடிபட்ட மனைவியிடமும் கேட்கக் கூடாது. இடையில் நிற்பவரிடம் முதலிலேயே மூன்று விஷயம் சொல்லுங்கள்: சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், நீங்களாகப் பதில் சொல்லக் கூடாது, வெளியே பேசக் கூடாது. பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். நோயாளி இரண்டு நிமிடம் பேசியதற்கு “ஒண்ணுமில்லன்னு சொல்றாரு” என்று பதில் வந்தால், அங்கே ஏதோ விழுங்கப்பட்டிருக்கிறது.

பேச்சிப்பாறை மலைப் பக்கத்துக் காணி மக்களுக்கு வேறு விதமான தடை. அவர்கள் பேச்சு நமக்கு ஓரளவு புரியும், நம் பேச்சு அவர்களுக்கும் புரியும். ஆனால் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள். அடுத்த வாரம் வா என்றால் தலையாட்டுவார்கள், வரமாட்டார்கள். “வர வண்டி உண்டா, அன்னைக்கு வேலைக்குப் போகலன்னா கூலி போகுமே, எந்த நாள் தோது?” என்று கேட்டுத் தேதி குறித்தால் வருவார்கள். தேதி அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

வீட்டார், கடலில் இருப்பவர், திருவனந்தபுரம்

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். பிறருக்கு மகன் வளைகுடாவில் இருப்பார். சிகிச்சை முடிவுக்கு ஆளாளுக்குத் தொலைபேசி வரும். ஐந்து பேரிடம் ஐந்து விதமாகச் சொன்னதாகச் சண்டை வரும். சேர்க்கை நாளிலேயே நோயாளியிடம் கேட்டு, ‘இவரிடம் மட்டும் சொன்னால் போதும்’ என்று ஒரு பெயரும், அவர் கிடைக்காவிட்டால் இன்னொரு பெயரும் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவரிடம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தோ, தனியார் மருத்துவமனையிலிருந்தோ திருவனந்தபுரத்துக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். அங்கே தரும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். வாயால் சொன்ன விவரம் மலையாளத்தில் இருக்கும். வீட்டுக்கு வரும்போது அது தமிழாகி, பாதியாகியிருக்கும். புறப்படுமுன் நான்கு கேள்விக்குப் பதில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்: நோயின் பெயர் என்ன, எந்தப் பழைய மருந்தை நிறுத்த வேண்டும், என்ன நடந்தால் உடனே வர வேண்டும், அடுத்த தேதி எது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ஒரே மருந்து இரண்டு வியாபாரப் பெயரில் இரண்டு அட்டையாக வீட்டில் கிடக்கிறது. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், தீர்ந்த அட்டை உட்பட, ஒரு துணிப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது இதற்குத்தான்.

108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. விளை, கோடு, துறை என்று முடியும் ஊர்கள் நம் மாவட்டத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு ஊரும் உண்டு. தாலுகா, பக்கத்துச் சந்திப்பு, பிறகு குருசடியோ (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) கோவிலோ பள்ளிக்கூடமோ, கடைசியில் வண்டி எதுவரை வரும் என்பது, இந்த வரிசையில் சொல்லுங்கள். முதியோர் வீட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். மன உளைச்சலுக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களையும் அதே தாளில் கீழே சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டிய பிறகு, வீட்டில் தனியாக இருப்பவரை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.